மூன்று வீட்டுப் பத்தியம்

“…தயிரும் பழமும் ஆகாதுன்னு எங்கம்மா. கத்திரிக்காயும் கருவாடும் வத்துன்னு ஓனரம்மா. முட்டையும் கேப்பையும் பேடான்னு பக்கத்து வீட்டு கௌரம்மா. பச்சத்தண்ணி மட்டும் மூணு பேரும் ஒத்துமையா வேண்டாம்னுட்டாங்க. இப்ப நீங்க வந்திருக்கீங்க. சொல்லுங்க சிஸ்டர், நீங்க என்ன கூடாதுன்னு சொல்லப் போறீங்க?”

முத்துலட்சுமி இப்படிக் கேட்டது அவளுக்குப் பிள்ளை பிறந்த பதினான்காம் நாள், காலை பதினோரு மணிக்கு. நான் தோள்பையோடு வாசலில், ஒரு செருப்பைக் கழற்றியும் இன்னொன்றைக் கழற்றாமலும் நின்றுகொண்டிருந்தேன். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். சிரித்தபோது கீழுதடு வெடித்து ஒரு பொட்டு ரத்தம் வந்தது. நாக்கால் துடைக்கப் பார்த்தாள். நாக்கிலும் ஈரமில்லை.

எங்கள் ஓசூரில் வேண்டாம் என்பதை மூன்று விதமாகச் சொல்லலாம். தமிழில் வேண்டாம், தெலுங்கில் வத்து, கன்னடத்தில் பேடா. ஒரே காம்பவுண்டுக்குள் மூன்றும் காதில் விழும். இந்தப் பக்கத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கிராம சுகாதாரச் செவிலியராக வீடு வீடாக நடந்தவள் நான். மூன்று மொழியிலும் பதில் சொல்லத் தெரியும்.

முத்துலட்சுமிக்கு என்ன ஆயிற்றோ என்று கடைசி வரை உங்களைத் தவிக்கவிட எனக்கு மனசில்லை. நன்றாக இருக்கிறாள். போன வாரம்கூட மகன் யூனிபார்மில் முறைத்துக்கொண்டு நிற்கும் போட்டோ ஒன்றை அனுப்பினாள். ஆனால் அன்றைக்கு அந்த அறையில் நின்றபோது இது நிச்சயமாகத் தெரிந்த விஷயம் இல்லை.

இப்போது இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு போன். நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு வந்திருக்கும் செவிலியர் பெண் போன மாதம் கூப்பிட்டாள். “அக்கா, பிரசவமான வீட்டுக்குப் போனா போன்ல இருக்கற ஆப்லயே எல்லாக் கேள்வியும் வருது. டிக் பண்ணிக்கினே போனா கடைசில பச்சை ஆயிடுது. ஆனா வெளிய வந்து வண்டிய எடுக்கும்போது எதையோ வெச்சிட்டு வந்த மாதிரியே இருக்குது. நீங்க முதல்ல என்னதான் கேப்பீங்க?” என்றாள். போனில் சொல்லி முடிக்கிற சமாசாரமா இது? எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எழுத ஆரம்பித்தால் என் வாய் போலவே பேனாவும் நிற்கமாட்டேன் என்கிறது.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நாகரசம்பட்டிப் பக்கம் பிறந்தேன். பத்தாவது முடித்து, செவிலியர் பயிற்சிக்குப் போய், வெள்ளைப் புடவையோடு திரும்பி வந்தேன். ஊசி போடவும் எடை பார்க்கவும் பயிற்சியில் கற்றுக்கொடுத்தார்கள். மனுஷரிடம் பேசுவதற்கு அங்கே பாடம் கிடையாது. கன்னடம் தளி பஸ்ஸில் பூக்கூடைக்காரிகளோடு சண்டை போட்டுக் கற்றுக்கொண்டது. தெலுங்கு, வீடுகளில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டே கற்றுக்கொண்டது. யாராவது நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் எனக்கு விட மனசு வராது. பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் குறித்துக்கொள்வேன். மேலதிகாரி ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, “இது எந்தத் திட்டத்துல வருதும்மா?” என்று கேட்டிருக்கிறார்.

அந்தக் கடைசிப் பக்கத்திலிருந்து இரண்டைச் சொல்கிறேன். தளியில் கீரைத்தோட்டம் வைத்திருந்த ஒரு பெண் சொன்னது: “மாடு கன்னு போட்டா பத்து நாளைக்கு அதுகிட்ட யாரும் வேலை கேக்க மாட்டாங்க சிஸ்டர். நான் போட்டா மூணாம் நாளே கீரைக்கட்டு எண்ணச் சொல்றாங்க.” இன்னொன்று சானமாவுக் காட்டை ஒட்டிய ஒரு குடியிருப்பில் கேட்டது. யானை இறங்கியிருக்கிறது, யாரும் வெளியே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டதால் என்னால் இரண்டு நாள் அங்கே போகமுடியவில்லை. மூன்றாம் நாள் பதறிக்கொண்டு போனால், பிள்ளை பெற்றவள் முகம் தெளிந்து உட்கார்ந்திருக்கிறாள். “ரெண்டு நாளா குழந்தை பாக்கன்னு ஒரு ஆள் வரல. யாருக்கும் காப்பி போடல. நல்லாத் தூங்கினேன். யானை இன்னும் நாலு நாள் இருந்திருக்கலாம்” என்றாள். பிரசவம் ஆனவளுக்கு ஓய்வு வேண்டும் என்று எத்தனையோ கூட்டத்தில் பேசியிருக்கிறார்கள். இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இனி எங்கள் டாக்டரம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆறு வருஷம் இருந்தார். ஒடிசலான உருவம், சத்தம் வராத குரல். திட்டத் தெரியாதவர் என்று முதலில் நினைத்தோம். திட்டாமலே வேர்க்க வைக்கத் தெரிந்தவர் என்று ஒரு வாரத்தில் புரிந்தது.

அவர் அறையில் சாய்வும் கைப்பிடியும் வைத்த நாற்காலி ஒன்றுதான். எதிரே நோயாளிக்கு ஒரு ஸ்டூல். பிரசவமான பெண் யாராவது உள்ளே வந்தால் டாக்டரம்மா எழுந்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, அவளைத் தன் நாற்காலியில் உட்கார வைப்பார். கூட வந்த மாமியார்கள் பதறிப்போவார்கள். “முதுகு வலி எனக்கில்லையே, அவளுக்குத்தானே?” என்பார். அவ்வளவுதான். அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகு அந்தப் பெண்கள் பேசும் குரலே வேறாக இருக்கும்.

பதிவேட்டில் “தாய் நலம்” என்று எழுதிக்கொண்டு போனால் அந்த வரியின் கீழே பென்சிலால் மெல்லக் கோடு போட்டு, “நலம்னு யார் சொன்னது?” என்று கேட்பார்.

“அவங்கதான் மேடம்.”

“நீங்க என்ன கேட்டீங்க?”

“நல்லா இருக்கியான்னு கேட்டேன்.”

“அதுக்கு யாராவது இல்லைன்னு சொல்வாங்களா?”

அதன் பிறகு ஒரு வாரம் எனக்கு அவர் கொடுத்த வேலை கேள்வி மாற்றுவது. சாப்பிட்டாயா என்று கேட்கக்கூடாது. இன்றைக்குக் காலையில் என்ன சாப்பிட்டாய், எத்தனை மணிக்கு, யார் போட்டுக் கொடுத்தார்கள், அப்போது சூடாக இருந்ததா என்று கேட்கவேண்டும். தூங்கினாயா என்று கேட்கக்கூடாது. கடைசியாக விடாமல் எத்தனை மணி நேரம் தூங்கினாய், அப்போது குழந்தை யாரிடம் இருந்தது என்று கேட்கவேண்டும். ஒன்றுக்குப் போகிறாயா என்பது கேள்வியே இல்லை. எழுந்ததிலிருந்து எத்தனை தடவை போனாய், என்ன நிறம், எரிகிறதா? அப்புறம், யாருமே கேட்காத ஒன்று: அழுகை வருகிறதா, காரணம் இருந்து வருகிறதா, இல்லாமலே வருகிறதா?

பார்ப்பதற்கும் ஒரு வரிசை வைத்திருந்தார். கை கழுவு. கண்ணின் கீழிமையை இழுத்து ரத்தம் இருக்கிறதா பார். நாக்கு. காய்ச்சல். நாடி. மார்பு கல்லாக இருக்கிறதா, சிவந்திருக்கிறதா? வயிற்றில் கை வைத்துக் கருப்பை எவ்வளவு இறங்கியிருக்கிறது பார். தையல். துணியில் படும் உதிரம், அதன் வாடை. கடைசியில் கெண்டைக்கால், வீக்கமோ வலியோ உண்டா என்று. இது எல்லாம் முடிந்த பிறகுதான் குழந்தையைத் தொடலாம். “குழந்தைய நீங்க பாக்கலேன்னாலும் அந்த வீட்ல நாலு பேர் பாப்பாங்க. அவளை நீங்க மட்டும்தான் பாப்பீங்க” என்பார்.

இதற்கெல்லாம் முதல்படி ஒன்று உண்டு. அறையைக் காலி செய்வது. வெளியே போங்கள் என்று சொன்னால் எந்த வீட்டிலும் போகமாட்டார்கள். டாக்டரம்மா சொல்லிக்கொடுத்த உபாயம், ஆளுக்கு ஒரு வேலை கொடுப்பது. ஒருவர் போய் வெந்நீர் வையுங்கள். ஒருவர் போய் வெயிலில் காய்ந்த துணி ஒன்று கொண்டுவாருங்கள். ஒருவர் போய் ஆஸ்பத்திரிச் சீட்டைத் தேடுங்கள். சீட்டு எந்த வீட்டிலும் கிடைத்ததில்லை. அதனால் நிதானமாகப் பத்து நிமிஷம் தனியாகக் கிடைக்கும். வெந்நீர் எதற்கு என்று திரும்பி வந்து கேட்பவர்களுக்கு, “என் கை கழுவத்தான்” என்று சொன்னால் ஒரு பெருமையோடு ஊற்றுவார்கள்.

இவ்வளவும் தெரிந்த நான்தான் முத்துலட்சுமி வீட்டில் கோட்டை விட்டேன்.

முத்துலட்சுமிக்குச் சங்கரன்கோவில் பக்கம். ஓசூரில் எலக்ட்ரானிக் சாமான் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. புருஷனும் வேறொரு கம்பெனியில். இருவரும் ஆறு வீடுகள் வரிசையாக இருக்கும் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தார்கள். ஓனரம்மா சரோஜம்மா தெலுங்குக்காரர், முன்வீட்டிலேயே இருப்பார். பக்கத்து வீட்டு கௌரம்மாவுக்குத் தளிப் பக்கம், வீட்டில் கன்னடம். பிரசவத்துக்குச் சொந்த ஊர் போகவேண்டியவள், பிள்ளை முந்திக்கொண்டதால் இங்கேயே பெற்றுவிட்டாள். சுகப்பிரசவம், கீழே தையல். அடித்துப் பிடித்து பஸ் ஏறி வந்தார் அவள் அம்மா பேச்சியம்மாள். ஓசூர்க் குளிரைக் கண்டு மிரண்டுபோய், வந்த அன்றே இரண்டு மப்ளர் வாங்கினார். ஒன்று தனக்கு, ஒன்று மகளுக்கு.

மூன்றாம் நாள் நான் போனபோது எல்லாம் ஒழுங்காக இருந்தது. முத்துலட்சுமிக்குத் தையல் எரிச்சல், அவ்வளவுதான். ஏழாம் நாள் போனபோது எனக்குத் தடுப்பூசி நாள். மழை வேறு. ஐஸ் பெட்டியை வெளியே வண்டியில் வைத்துவிட்டு ஓடினேன். உள்ளே மூன்று அம்மாக்களும் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கும் ஒரு வேலையும் கொடுக்கவில்லை நான். “நல்லா இருக்கியா கண்ணு?” என்று கேட்டேன். ஆமாம், அதே கேள்விதான். “நல்லா இருக்கேன் சிஸ்டர்” என்றாள். குழந்தையை எடை போட்டேன். கிளம்பும்போது என் பங்குக்கு, “கனமா எதையும் தூக்கக்கூடாது, அடிக்கடி படி ஏறக்கூடாது” என்று இரண்டு கூடாது சொல்லிவிட்டு ஓடிவந்தேன். சாயங்காலம் பதிவேட்டில் எழுதினேன்: தாய் நலம்.

டாக்டரம்மா அப்போதும் எங்கள் நிலையத்தில்தான் இருந்தார். நல்லவேளை, அந்த வாரம் பதிவேட்டைப் பார்க்கவில்லை. நல்லவேளை என்று அன்றைக்கு நினைத்தேன்.

பதினான்காம் நாள்தான் முதலில் சொன்ன அந்தக் கேள்வி. இன்னொரு செருப்பையும் கழற்றினேன். அறையில் சன்னல் சாத்தியிருந்தது, இடுக்கில் துணி அடைத்திருந்தது. முத்துலட்சுமி காதைச் சுற்றி மப்ளர் கட்டி, இரண்டு போர்வைக்குள் உட்கார்ந்திருந்தாள். போர்வை லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

“நேத்துலேந்து நடுக்கம் நர்சம்மா” என்றார் பேச்சியம்மாள். “சன்னல ஒரு விரக்கடை தொறந்து போட்டுட்டா. இந்த ஊரு காத்து பச்ச ஒடம்புல ஏறிட்டு. வேறொண்ணுமில்ல.”

“எங்களுக்கு ஒண்ணும் ஆகலியே இந்தக் காத்துல” என்றார் சரோஜம்மா, ஊரைச் சொன்னதில் கொஞ்சம் ரோஷம்.

“நீங்க இங்கயே பொறந்தவுக. எம் மக வெயில்ல பொறந்தவ.”

இந்தத் தடவை நான் ஓடவில்லை. சரோஜம்மாவை வெந்நீர் வைக்க அனுப்பினேன். கௌரம்மாவைக் காய்ந்த துணிக்கு அனுப்பினேன். பேச்சியம்மாளை ஆஸ்பத்திரிச் சீட்டுத் தேட அனுப்பினேன். கதவை ஒருக்களித்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன்.

“நான் எதுவும் கூடாதுன்னு சொல்லல கண்ணு. காலையில என்ன சாப்பிட்ட?”

“ரஸ்க்கு. ரெண்டு.”

“நேத்து ராத்திரி?”

“சோறும் பூண்டும்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “பூண்டு மூணு பேருக்கும் புடிக்கும்” என்றாள்.

“தண்ணி?”

“மாத்திரை முழுங்க ஒரு மடக்கு. தையல் சீழ் வெச்சிடும்னாங்க.”

“எழுந்ததிலிருந்து எத்தனை தடவை ஒண்ணுக்குப் போன?”

போர்வையின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நான் காத்திருந்தேன். டாக்டரம்மாவிடம் கற்றுக்கொள்ள எனக்கு அதிக நாள் பிடித்தது இந்தக் காத்திருப்புத்தான்.

“ஒண்ணு சொன்னா அம்மாகிட்டச் சொல்ல மாட்டீங்களே?” என்றாள். “தண்ணி வேண்டாம்னு அவங்க சொன்னது எனக்கு வசதியாத்தான் சிஸ்டர் இருந்துச்சு. ஆறு வீட்டுக்கு ரெண்டு கக்கூஸு. ஒண்ணுல தாழ்ப்பாள் இல்ல. இன்னொண்ணுக்குக் கடைசி வீட்டு நைட் ஷிஃப்ட் அண்ணனுங்க நாலு பேரும் வரிசையில நிப்பாங்க. எனக்குத் தையல் எரியுது, குந்தி எழுந்திரிக்கவே அவ்வளவு நேரமாகுது. வெளிய அவங்க இருமுறாங்க. ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, இருமுவாங்க. அதுக்குக் குடிக்காமலே இருந்துடலாம்னு… இன்னிக்கு இன்னும் போகவே இல்ல. நேத்து ஒரு தடவை. டீ டிக்காஷன் மாதிரி இருந்துச்சு.”

எரிச்சலுக்கு, போகும்போதே இளஞ்சூடான தண்ணீரை மேலே ஊற்றிக்கொண்டே போனால் போதும். ஒரு மக் தண்ணீர், அவ்வளவுதான். இதை அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. யாரும் என்பதில் முதல் ஆள் நான்தான். ஏழாம் நாள் அந்த அறையைக் காலி செய்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பாள்.

காய்ச்சல் பார்த்தேன், நூற்று மூன்று. முதுகின் பக்கவாட்டில் விலாவுக்குக் கீழே லேசாகத் தட்டினேன். “அம்மா” என்று துள்ளினாள். ஓசூர்க் காற்றின் மேல் ஒரு பழியும் இல்லை. சிறுநீரில் பிடித்த கிருமி மேலே ஏறிக்கொண்டிருந்தது. பச்சை உடம்பில் இப்படி நடுக்கத்தோடு வருகிற காய்ச்சலை ஒரு நாள்கூட வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. அதுதான் நான் வாயாரச் சொல்லக்கூடிய ஒரே கூடாது.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். நான் சொன்னதை முழுதாகக் கேட்டுவிட்டு, “ஆட்டோ வரச் சொல்லுங்க. நேரா பெரிய ஆஸ்பத்திரி. நான் அங்க பேசிடறேன். குழந்தையும் கூடவே வரட்டும், பால் நிறுத்த வேண்டாம்” என்றார். அவரை லைனில் வைத்துவிட்டுத் தெரிந்த ஆட்டோக்காரரைக் கூப்பிட்டேன்.

இதற்குள் மூன்று பேரும் திரும்பி வந்திருந்தார்கள், வெந்நீரோடும் துணியோடும். ஆச்சரியமாகச் சீட்டோடும். ஆஸ்பத்திரி என்றதும் அறையே மாறிவிட்டது.

“பதினாறு கழியாம நட தாண்டப்புடாது” என்றார் பேச்சியம்மாள்.

“இருபத்தொண்ணும்மா, பதினாறு இல்ல” என்றார் சரோஜம்மா.

“நம்ம கடெ ஒரு மாசம்” என்றார் கௌரம்மா, தங்கள் பக்கத்து வழக்கத்தைச் சொல்லி.

இதிலும் ஒற்றுமை இல்லை, ஆனால் இன்றைக்குப் போகக்கூடாது என்பதில் ஒற்றுமை. “சாயங்காலம் வரைக்கும் பாப்போம் நர்சம்மா. ஒரு கசாயம் வச்சுக் குடுத்தா எறங்கிரும். அந்தக் குளிருல ஆட்டோல கொண்டுபோயி என்னத்தையாவது இழுத்துவச்சா, நான் அவ அய்யாவுக்கு என்ன பதில் சொல்ல?” பேச்சியம்மாள் கதவுக்குக் குறுக்கே நின்றார். அவருக்கும் பயம்தான். மகள் உடம்பைத் தொட்டுப் பார்த்த கைதானே அது, சூடு தெரியாமலா இருக்கும்?

டாக்டரம்மா இன்னும் லைனில்தான் இருந்தார், சத்தமெல்லாம் அவருக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. “ஸ்பீக்கர்ல போடுங்க” என்றார் டாக்டரம்மா. போட்டேன். நானாக இருந்தால் கத்தியிருப்பேன். அவர், “அம்மா வணக்கம், ரெண்டு வாரமா நீங்க தூங்கியிருக்க மாட்டீங்க” என்று ஆரம்பித்தார். பேச்சியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “உங்க ஊர்ல பிள்ளை பெத்தவளுக்கு என்னம்மா குடுப்பீங்க? ஆகாதது எல்லாம் சிஸ்டர் சொன்னாங்க. குடுக்கிறதச் சொல்லுங்க.”

“ஏன் இல்லாம? கருவாட்டுக் கொழம்பு வைப்போம். உளுந்தங்களி கிண்டி நடுவுல நல்லெண்ண ஊத்திக் குடுப்போம். வரும்போதே ஒரு டப்பா கருவாடு கொண்டாந்தேன். ஓனரம்மாவுக்கு ஆகாதுன்னாவ. அவுக வீட்ல இருந்துக்கிட்டு எப்படி?”

“அய்யோ ராமா” என்று சரோஜம்மா நெஞ்சில் கை வைத்தார். “வாடை வருதேன்னு ஒரு வார்த்தைதான் சொன்னன். நீங்க டப்பாவ மூடிட்டீங்க! நான் நெய்யும் பருப்புப் பொடியும் கொண்டாந்து வெச்சன். தையலுக்கு நெய் ஆகாதுன்னு உங்க ஊர்ப் பழக்கமோ என்னமோன்னு திருப்பி எடுத்துக்கினு போயிட்டன். நீங்க தொடவே இல்லியே?”

“நீங்க தந்தது எனக்குன்னு நெனச்சேன்.”

“நானு சப்பசிகெ சொப்பு கொண்டு வந்தேன்” என்றார் கௌரம்மா. பால் ஊற இந்தப் பக்கத்தில் கொடுக்கிற கீரை அது. “கீரை குளிர்ச்சின்னாங்க. பெரியவங்க சொல்றாங்க, நாம ஏன் பேசணும்னு சும்மா ஆயிட்டேன். ஜீரிகெ போட்டு பிசி நீர், அதான் சீரக வெந்நீர், குடுக்கலாம்னு இருந்தேன். ஓனரம்மா குடுப்பாங்கன்னு விட்டேன்.”

“நான் நீங்க குடுக்கறீங்கன்னு நெனச்சன்!”

மூன்று பேரும் நல்ல மனுஷிகள். ஒருவர் வேண்டாம் என்றதை மற்ற இருவரும் மரியாதைக்கு ஏற்றுக்கொண்டார்கள். ஒருவர் கொடுக்க வந்ததை மற்றவருக்காக மரியாதையாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒவ்வொரு ஊர்ப் பத்தியத்திலும் விலக்குவதற்கு ஈடாக ஊட்டுவது ஒன்று இருக்கும். இந்த வீட்டில் மூன்று ஊர் விலக்கும் சேர்ந்துவிட்டது, மூன்று ஊர் ஊட்டமும் விட்டுப்போனது. என் இரண்டு கூடாதையும் சேர்த்தால் நாலு ஊர்.

“சரிம்மா” என்றார் டாக்டரம்மா போனில். “மூணையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாங்க. கருவாடு மட்டும் டப்பாவ நல்லா மூடிக் கொண்டுவாங்க.” சரோஜம்மாதான் முதலில் சிரித்தார். ஆனாலும் பேச்சியம்மாள் கதவை விட்டு நகரவில்லை. “வாறோம் டாக்டரம்மா, நாளக்கி பதினஞ்சு, மறுநா பதினாறு. அது மட்டும் கழியட்டும்” என்றார், கெஞ்சுகிற குரலில்.

“நீங்க சொல்றது புரியுதும்மா. போனை அந்தப் பொண்ணுகிட்டக் குடுங்க. ஸ்பீக்கர் வேண்டாம்.”

கொடுத்தேன். முத்துலட்சுமி மப்ளரை விலக்கிக் காதில் வைத்துக்கொண்டாள். ஒரு “ம்” சொன்னாள். அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. டாக்டரம்மா வெறுமனே ஒரு கேள்விதான் கேட்டார் என்பதை ஆஸ்பத்திரியில் வைத்து அவளே எனக்குச் சொன்னாள்: ஆஸ்பத்திரிக்குப் போறது இருக்கட்டும், உனக்கு இப்ப, இந்த நிமிஷம், முதல்ல என்ன வேணும்? பதினான்கு நாளில் யாரும் கேட்காத கேள்வி என்பதால் பதில் தேட நேரமானது என்றாள்.

“நானே எழுந்து கேட்டுக்கறேன் மேடம்” என்று சொல்லிவிட்டுப் போனை என்னிடம் நீட்டினாள்.

போர்வைகளைத் தள்ளிக் காலைத் தரையில் வைத்தாள். நான் தாங்கப் போனேன், வேண்டாம் என்று கையைக் காட்டினாள். காதைச் சுற்றியிருந்த மப்ளரை அவிழ்த்தாள். கதவுக்குக் குறுக்கே நின்ற அம்மாவிடம் போய், அவர் கட்டியிருந்த மப்ளருக்கு மேலேயே அதையும் சுற்றினாள். “உனக்குத்தாம்மா குளிருது” என்று அம்மாவின் தோளைப் பிடித்து மெதுவாக ஓரமாக நகர்த்தினாள். பேச்சியம்மாள் நகர்ந்தார்.

கௌரம்மாவைப் பார்த்து, “தண்ணி குடுக்கா” என்றாள். கௌரம்மா சொம்பில் மொண்டு வந்தார். அண்ணாந்து குடித்தாள், தொண்டை ஏறி இறங்குவதை நாங்கள் நாலு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். சொம்பு காலியாகும் வரை வேண்டாம் என்றோ வத்து என்றோ பேடா என்றோ ஒரு குரல் வரவில்லை. காலிச் சொம்பை நீட்டி, “இன்னொண்ணு” என்றாள். அதையும் குடித்தாள்.

பிறகு சரோஜம்மா கொண்டுவந்திருந்த வெந்நீர் வாளியைத் தூக்கப் போனாள், நான் முந்திக்கொண்டேன். சுவரைப் பிடித்தபடி வராந்தாவில் நடந்தாள். கோடியில், தாழ்ப்பாள் உள்ள கதவுக்கு முன்னால் கடைசி வீட்டுப் பையன்கள் இரண்டு பேர், தூக்கக் கலக்கத்தோடு வாளியும் பிரஷ்ஷுமாக நின்றார்கள்.

“அண்ணே, தள்ளி நில்லுங்க. நான் முதல்ல போறேன்” என்றாள். “எனக்கு நேரமாகும்.”

அவர்கள் வாளியை எடுத்துக்கொண்டு வெளிக்கேட் வரைக்கும் போய்விட்டார்கள். என் கையிலிருந்த வெந்நீர் வாளியையும் அதிலிருந்த மக்கையும் வாங்கி உள்ளே வைத்தாள். எப்படி ஊற்றிக்கொள்ள வேண்டும் என்று சொன்னேன். தலையாட்டிக் கதவைச் சாத்திக்கொண்டாள். தாழ்ப்பாள் விழுந்தது. தெருவில் ஆட்டோ வந்து நின்று ஹாரன் அடித்தது, ஒரு தடவை, இன்னொரு தடவை.

“இருங்க, வர்றேன்” என்றாள் உள்ளேயிருந்து, அவசரமே படாமல்.